முட்டையும் வாட்டிய பிரெட்டும்: வீட்டில் செய்துகொள்ளும் காலை உணவு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டில் ஏழு நிமிடத்தில் அழகாக அரைவேக்காடாகும் முட்டை, படிப்பதற்காக ஜோகன்னஸ்பர்க் போன என் மகனுடைய அறையில் அதே ஏழு நிமிடத்தில் மஞ்சள் கருவைச் சுற்றி வெள்ளைக் கரு இறுகாமல் கொழகொழவென்று வந்தது. நான் எழுதிக் கொடுத்த குறிப்பை வரி பிசகாமல் பின்பற்றியும் மூன்று நாள் தொடர்ந்து இப்படியே ஆனதால், "அம்மா, இங்கே முட்டை வேற மாதிரியா?" என்று தொலைபேசியில் கேட்டான். முட்டையில் குறை இல்லை. என் குறிப்பில்தான் குறை இருந்தது. அதைத் திருத்தி எழுதத் தொடங்கியபோது, பிரெட் வாட்டுவதையும் முட்டை பொரிப்பதையும் பற்றி இத்தனை ஆண்டுகளாகக் கையால் செய்துவந்தும் வாயால் சொல்லாமலே விட்டவை பல இருப்பது தெரிந்தது. முதன்முறையாக வீட்டை விட்டு வெளியே தங்கும் பிள்ளைகளுக்கு உதவும் என்பதால் அவற்றையெல்லாம் இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் என் மகனின் கேள்விக்கு விடை. டர்பன் கடலோர நகரம். இங்கே தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 94 டிகிரியை எட்டும்போதே கொதித்துவிடும், அதற்குமேல் அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் ஆவிதான் அதிகமாகுமே தவிரச் சூடு ஏறாது. அந்த ஆறு டிகிரி வித்தியாசம் தேநீருக்குப் பெரிதாகத் தெரியாது, முட்டைக்கு நன்றாகவே தெரியும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த பெரிய அளவு முட்டையைக் கொதிக்கும் நீரில் இட்டால், டர்பனில் ஏழு நிமிடத்தில் கிடைக்கும் பதம் ஜோகன்னஸ்பர்க்கிலோ அதன் தெற்கே உள்ள லெனேசியாவிலோ எட்டேகால் நிமிடத்தில்தான் கிடைக்கும். மஞ்சள் கரு முழுவதும் இறுக வேண்டுமானால் இங்கே பதினோரு நிமிடம், அங்கே பதின்மூன்று நிமிடம் ஆகும்.

முட்டை வேகும் விதத்தைக் கொஞ்சம் அறிந்துகொண்டால் மற்ற எல்லாம் எளிதாகிவிடும். வெள்ளைக் கரு 62 டிகிரி அளவில் பால்போல் வெளுக்கத் தொடங்கி, 80 டிகிரியில் உறுதியாக இறுகிவிடுகிறது. மஞ்சள் கரு 65 டிகிரியில் தேன்போலக் கெட்டியாகி, 70ஐத் தாண்டியதும் ஓடாமல் நின்றுவிடுகிறது. அதாவது முட்டைக்கு வேண்டிய சூடு முழுவதும் தண்ணீர் கொதிக்கும் நிலைக்குக் கீழேயே அடங்கிவிடுகிறது, அதற்கு மேற்பட்ட சூடு அதை ரப்பராக்குவதற்கே பயன்படும். பிரெட்டின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அதன் மேற்பரப்பு பொன்னிறமாக மாறி அந்த மணம் எழுவதற்கு 140 டிகிரிக்கு மேற்பட்ட உலர்ந்த சூடு வேண்டும். சூடு குறைந்தால் பிரெட் சிவப்பதற்கு முன் உள்ளே உள்ள ஈரமெல்லாம் வற்றி, ரஸ்க்போலக் கட்டியாகிவிடும். ஒன்றுக்குத் தணிந்த தீ, மற்றொன்றுக்கு வேகமான தீ. ஒரே அடுப்பில் ஒரே தீயில் இரண்டையும் சேர்த்துச் செய்ய முயல்வதுதான் புதிதாகச் சமைப்பவர்கள் செய்யும் தவறுகளில் பெரியது என்று நான் கருதுகிறேன்.

ஒரு சொல் விளக்கம். நம் வீடுகளில் ரொட்டி என்றால் மாவு பிசைந்து தேய்த்துத் தவாவில் சுடும் ரொட்டி என்றே எல்லோரும் எடுத்துக்கொள்வதால், கடையில் வாங்கும் பிரெட்டை இந்தக் கட்டுரையில் பிரெட் என்றே குறிப்பிடுகிறேன்.

பிரெட்டைப் பொறுத்தவரை, சாதாரணப் பழுப்பு பிரெட்டே இந்த உணவுக்குச் சிறந்தது என்பது என் முடிவு. வெள்ளை பிரெட்டுக்கு நாம் 15 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி கட்டுகிறோம், பழுப்பு பிரெட்டுக்கு அந்த வரி கிடையாது, முட்டைக்கும் கிடையாது. மாதச் செலவை எண்ணிச் செய்யும் மாணவருக்கு இது பொருட்படுத்த வேண்டிய செய்தி. 2003ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் பிரெட்டுக்கான கோதுமை மாவில் இரும்புச் சத்து, துத்தநாகம், ஃபோலிக் அமிலம், வைட்டமின்கள் ஆகியவற்றைக் கட்டாயமாகச் சேர்க்கிறார்கள் என்பதால் இரண்டிலும் அந்தச் சத்துகள் உண்டு. தவிட்டின் நார்ச்சத்து பழுப்பில் கூடுதலாக இருக்கும். அன்று காலை வந்த புது பிரெட்டைவிட முந்தைய நாள் வாங்கியது வாட்டுவதற்கு நன்றாக இருக்கும், ஏனெனில் ஈரம் குறைந்திருப்பதால் அது சீக்கிரம் சிவக்கும், நடுவில் களிபோல ஒட்டாது.

டர்பனின் கோடைக்காலப் புழுக்கத்தில் மூன்றாம் நாளே பிரெட்டில் பூஞ்சணம் பிடித்துவிடும். பூத்த இடத்தை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மீதியைத் தின்னும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அதை விட்டுவிட வேண்டும், ஏனெனில் பிரெட் முழுவதும் துளைகள் நிறைந்தது, கண்ணுக்குத் தெரியாத பூஞ்சண இழைகள் அதற்குள் பரவியிருக்கும். இதற்குப் பயந்து பிரெட்டைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைப்பதும் சரியன்று. அந்தக் குளிரில் மாவுச்சத்து இறுகிப் பிரெட் வெளியே இருப்பதைவிட வேகமாக வறட்டுத்தன்மை அடைகிறது. வாங்கிய அன்றே தேவைக்கு மேற்பட்ட துண்டுகளை உறைபெட்டியில் வைத்துவிட்டு, காலையில் வேண்டிய துண்டுகளை மட்டும் எடுத்து, உறைந்த நிலையிலேயே டோஸ்டரில் இடுவதுதான் நல்ல முறை. கூடுதலாக ஒரு நிமிடம் ஆகும், அவ்வளவே.

முட்டையை இந்நாட்டுக் கடைகளில் பெரும்பாலும் குளிரூட்டாத அலமாரியில்தான் அடுக்கி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுவது நல்லது, வைத்த பிறகு வெளியே எடுப்பதும் உள்ளே வைப்பதுமாக இருக்கக் கூடாது. குளிர்ந்த ஓட்டின் மேல் இந்த ஊர்க் காற்றின் ஈரம் முத்துமுத்தாகப் படியும், அந்த ஈரத்தின் வழியே கிருமிகள் ஓட்டின் நுண்துளைகளுக்குள் போக வாய்ப்புண்டு. 2023இல் பறவைக் காய்ச்சலால் முட்டைக்குத் தட்டுப்பாடு வந்து விலை ஏறியபோது, கிடைத்ததையெல்லாம் வாங்கிச் சேர்த்தவர்கள் பலர் பின்னர் எது பழையது எது புதியது என்று தெரியாமல் தவித்தார்கள். அதற்கு நம் பாட்டிமார் சொன்ன வழியே போதும்: ஒரு கிண்ணம் தண்ணீரில் முட்டையை இட்டால் புதியது படுத்துக்கொள்ளும், சற்றுப் பழையது அடியில் நிமிர்ந்து நிற்கும், மிகப் பழையது மிதக்கும். நாளாக ஆக உள்ளே இருக்கும் ஈரம் ஓட்டின் வழியே வெளியேறிக் காற்றறை பெரிதாவதே இதற்குக் காரணம். மிதப்பதைப் பயன்படுத்த வேண்டாம். நிற்பதை அவிப்பதற்கு வைத்துக்கொள்ளலாம், படுத்துக்கொள்வதைப் பொரிப்பதற்கு எடுக்கலாம், ஏனெனில் புதிய முட்டையின் வெள்ளைக் கரு கெட்டியாக இருப்பதால் கடாயில் பரந்து ஓடாமல் மஞ்சள் கருவைச் சுற்றிக் குவிந்து நிற்கும்.

ஒருவருக்கு இரண்டு முட்டை, இரண்டு துண்டு பிரெட், ஒரு தேக்கரண்டி சூரியகாந்தி எண்ணெய், பொரிக்க அரைத் தேக்கரண்டியும் பிரெட்டில் தடவ ஒன்றுமாக வெண்ணெய், உப்பு, இடித்த மிளகு ஆகியவை போதும். சமையலைத் தொடங்கும் முன் தட்டு, முள்கரண்டி, வெண்ணெய், உப்பு எல்லாவற்றையும் கைக்கெட்டும் இடத்தில் எடுத்து வைத்துவிட வேண்டும். முட்டை வெந்த பிறகு தட்டைத் தேடுவதற்கு ஆகும் அரை நிமிடத்தில் மஞ்சள் கரு இறுகிவிடும்.

இனிப் பொரித்த முட்டை. கடாயை நடுத்தரத்துக்கும் சற்றுக் குறைவான தீயில் வைத்து எண்ணெயையும் வெண்ணெயையும் சேர்க்கவும். வெண்ணெயில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நீர் உண்டு; அது ஆவியாகும் வரை நுரைத்துச் சலசலத்துக்கொண்டிருக்கும். அந்த ஓசை அடங்கி நுரை தணியும் கணமே முட்டையை விடவேண்டிய கணம். நுரைக்கும்போதே விட்டால் முட்டை கடாயில் ஒட்டும், வெண்ணெய் பழுப்பேறிய பிறகு விட்டால் அடிப்புறம் கருகி ஓரம் தோல்போல் ஆகும். வெண்ணெயின் ஓசையைக் கேட்டுச் சமைக்கவேண்டும் என்று என் மாமியார் சொல்வார்கள். நான் புதுமணப்பெண்ணாக இருந்தபோது அதைப் புரிந்துகொள்ளாமல் தீயைக் கூட்டியே பழகியிருந்தேன், எத்தனையோ முட்டைகள் சருகுபோல ஆன பிறகே அந்தச் சொல்லின் அருமை தெரிந்தது.

முட்டையை நேராகக் கடாயில் உடைக்காமல் ஒரு சிறு கிண்ணத்தில் உடைத்து, கிண்ணத்தின் விளிம்பைக் கடாயின் அடியருகே கொண்டுபோய் மெதுவாக வழுக்கி விடவும். கெட்ட முட்டையும் ஓட்டுத்துண்டும் கிண்ணத்திலேயே தெரிந்துவிடும், மஞ்சள் கருவும் உடையாது. விட்டவுடன் மெல்லிய ஒரு சலசலப்புக் கேட்கவேண்டும். எண்ணெய் வெடித்துத் தெறித்தால் தீ அதிகம், ஓசையே இல்லையென்றால் தீ போதாது. அடிப்புறம் வெளுத்துவரத் தொடங்கியதும் உப்பைத் தூவி, கடாயின் ஓரத்தில் ஒரு தேக்கரண்டி தண்ணீர் விட்டு உடனே மூடிவிடவும். மூடிக்குள் எழும் ஆவி முட்டையின் மேற்புறத்தைத் திருப்பிப் போடாமலே வேகவைத்துவிடும். ஒரு நிமிடத்தில் மஞ்சள் கருவின் மேல் வெண்ணிறத்தில் மெல்லிய ஆடை படியும்; அப்போது எடுத்தால் அரைவேக்காடு, இன்னும் இரண்டு நிமிடம் விட்டால் முழுவேக்காடு. கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் உடல்நலம் குன்றியவர்களுக்கும் முழுவேக்காடே கொடுக்க வேண்டும், ஏனெனில் சால்மொனெல்லா கிருமி இருந்தால் அது மஞ்சள் கரு முழுவதும் இறுகும் சூட்டில்தான் அழியும்.

டோஸ்டர் இருந்தால் பிரெட்டை எப்போது உள்ளே இறக்குவது என்பதுதான் கேள்வி. கடாயை அடுப்பில் வைக்கும்போதே இறக்கினால் பிரெட் முன்னதாக வெந்து ஆறிவிடும். முட்டை தட்டுக்கு வந்த பிறகு இறக்கினால் முட்டை ஆறிவிடும். முட்டையைக் கடாயில் விட்ட கையோடு டோஸ்டரின் விசையை அழுத்தினால் இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தயாராகும். வெளியே வந்த துண்டுகளைத் தட்டில் படுக்கவைக்கக் கூடாது; அடியிலிருந்து எழும் ஆவி தட்டில் பட்டுத் திரும்பிப் பிரெட்டை நனைத்துவிடும். இரண்டு துண்டுகளையும் கூரைபோல ஒன்றின்மேல் ஒன்று சாய்த்து அரை நிமிடம் நிறுத்திவைத்து, ஆவி போன பின் சூடு இருக்கும்போதே வெண்ணெய் தடவினால் மேலே மொறுமொறுப்பும் உள்ளே மென்மையும் அப்படியே இருக்கும்.

டோஸ்டர் இல்லாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. 2022, 2023 ஆண்டுகளில் லோட் ஷெட்டிங் என்னும் முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது எங்கள் தெருவில் பாதி வீடுகளில் ஒற்றை எரிவாயு அடுப்பும் ரொட்டி சுடும் தவாவுமே காலை உணவைக் காப்பாற்றின. அப்போது செய்த தவா பிரெட்டை மின்சாரம் ஒழுங்காக வரும் இந்நாளிலும் நான் விடவில்லை, சுவையில் அதற்கு டோஸ்டர் பிரெட் ஈடாகாது என்று உறுதியாகச் சொல்வேன். தவாவை எண்ணெய் இல்லாமல் நடுத்தரத் தீயில் மூன்று நிமிடம் காயவிட்டு, ஒரு துளி தண்ணீர் தெளித்தால் உடனே சுருண்டு மறையும் நிலை வந்ததும் துண்டுகளை இட்டு, மடித்த துணியால் மெதுவாக அழுத்தி, ஒரு பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம் வாட்டவும். வெண்ணெயைத் தவாவில் போடாமல் வாட்டிய பின்பே தடவவேண்டும். ஒரே அடுப்பு இருப்பவர்கள் பிரெட்டை முதலில் வாட்டிச் சாய்த்து வைத்துவிட்டு, அடுப்பைத் தணித்துப் பின்னர் முட்டையைப் பொரிக்கலாம். வாட்டிய பிரெட் நான்கு நிமிடம் காத்திருக்கும், வெந்த முட்டை ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காது.

அவித்த முட்டையின் நேரக்கணக்கை மேலே சொல்லிவிட்டேன். தண்ணீர் கொதித்த பிறகு கரண்டியால் மெதுவாக இறக்கி, தளதளவென்று கொதிக்காமல் சிறு குமிழிகள் எழும் அளவுக்குத் தீயைத் தணித்து, நேரம் முடிந்ததும் குளிர்ந்த நீருக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றாமல் விட்டால் உள்ளே தங்கிய சூட்டில் முட்டை தொடர்ந்து வெந்துகொண்டே இருக்கும், மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் ஒன்று தோன்றும். வெள்ளைக் கருவில் உள்ள கந்தகமும் மஞ்சள் கருவில் உள்ள இரும்பும் அதிகச் சூட்டில் சேர்வதால் வருவது அது. உடலுக்குத் தீங்கில்லை, ஆனால் மணம் கெடும். நேற்று வாங்கிய முட்டை ஓடு உரிக்கும்போது பிய்ந்துவருவதும், ஒரு வாரம் ஆனது வழுக்கிக்கொண்டு வருவதும் இயல்பே.

கிளறிய முட்டைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு முட்டையை உப்பிட்டு அடித்து, மிகத் தணிந்த தீயில் வெண்ணெயுடன் இட்டு, விளிம்பிலிருந்து நடுவுக்கு விடாமல் தள்ளிக்கொண்டே இருந்து, இன்னும் கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கும்போதே அடுப்பிலிருந்து இறக்கினால் மீதி வேக்காட்டைக் கடாயின் சூடே பார்த்துக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒரு வகை உண்டு. அதைச் சொல்லாமல் டர்பன் தமிழர் வீட்டு முட்டையைப் பற்றி எழுதியதாகாது. அது தக்காளிச் சட்னியில் வேகும் முட்டை. இங்கே சட்னி என்று நாம் சொல்வது அரைத்த சட்னி அன்று, எண்ணெயில் வதங்கிக் குழைந்த தக்காளித் தொக்கு. இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு வெடித்ததும், கொல்லையிலுள்ள கறிவேப்பிலை மரத்திலிருந்து உருவிய ஒரு கொத்து இலை, நறுக்கிய ஒரு வெங்காயம், கீறிய இரண்டு பச்சை மிளகாய் ஆகியவற்றைச் சேர்த்துப் பொன்னிறமாக வதக்கி, அரைத் தேக்கரண்டி மிளகாய்த் தூளும் கால் தேக்கரண்டி மஞ்சளும் இட்டு, கருகுவதற்கு முன் நறுக்கிய நான்கு ஜாம் தக்காளியைச் சேர்க்க வேண்டும். நீள்வட்டமாக இருக்கும் ஜாம் தக்காளியில் சதை அதிகம், தண்ணீர் குறைவு. உருண்டைத் தக்காளியைப் போட்டால் சட்னி கெட்டியாவதற்கு இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். தக்காளி புளித்தால் ஒரு சிட்டிகைச் சர்க்கரை சேர்க்கலாம். பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடத்தில் எண்ணெய் ஓரத்தில் பிரிந்துவரும். அதற்கு முன் முட்டையை இட அவசரப்பட வேண்டாம், நீர்த்த சட்னியில் வெள்ளைக் கரு கரைந்து கூழாகிவிடும். கரண்டியின் முதுகால் சட்னியில் குழிகள் செய்து ஒவ்வொன்றிலும் ஒரு முட்டையை இறக்கி, மூடித் தணிந்த தீயில் ஐந்து நிமிடம் வைத்து, கொத்தமல்லித் தழை தூவி இறக்கவும். இதற்குப் பிரெட்டைச் சற்றுக் கனமாக வெட்டி, ஓரம் கருஞ்சிவப்பாகும் வரை தவாவில் வாட்டவேண்டும். மெல்லிய துண்டு சட்னியின் கனத்தைத் தாங்காது.

புரட்டாசி மாதத்தில் நம் வீடுகளில் முட்டை உள்ளே வராது. அந்த நாட்களில் இதே சட்னியை முட்டை இல்லாமல் இன்னும் மூன்று நிமிடம் சுண்டவிட்டு வாட்டிய பிரெட்டில் தடவிச் சாப்பிடுகிறோம். வெளியூரில் விடுதி அறையில் ஒரே கடாயை வைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் விரதத்துக்கு முன் அதை நன்றாகத் தேய்த்துக் கழுவி எடுத்து வைத்துவிட்டால் மாதம் முழுவதும் கவலையில்லை.

கழுவும்போது ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளவும். முட்டை ஒட்டிய கடாயிலும் தட்டிலும் முதலிலேயே கொதிநீரை ஊற்றினால் மிஞ்சியிருக்கும் கரு அங்கேயே வெந்து பசைபோலப் பிடித்துக்கொள்ளும். சூடு ஆறிய பின் குளிர்ந்த நீரில் ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தெடுத்துவிட்டு, அதன் பிறகே சுடுநீரும் சோப்பும் இட்டுக் கழுவவேண்டும்.